அதைக் கண்ணுல காட்டு, நம்பறேன்: கேமரா பிடிக்கப் படிச்ச விஞ்ஞானிகள்

இந்த வாரம் ஒரு படிப்பைப் பத்திப் பேசலாம். அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல போஸ்மன்னு ஒரு ஊர். அங்க இருக்கிற மொன்டானா ஸ்டேட் யுனிவர்சிட்டியில 2000-களின் தொடக்கத்துல ஒரு முதுகலைப் படிப்பு ஆரம்பிச்சாங்க. பேரு, 'அறிவியல் மற்றும் இயற்கை வரலாற்றுத் திரைப்படம்'. ஆரம்பிச்சவர் ரொனால்ட் டோபயஸ், ஆவணப்படம் எடுக்கிறவர், கதை எழுதுறது பத்திப் புத்தகமும் போட்டவர். இந்தப் படிப்போட விசேஷமே அட்மிஷன்லதான். ஃபிலிம் ஸ்கூல்னா சினிமா பைத்தியங்களைத்தான் எடுப்பாங்கன்னு நினைப்போம். இவங்க கேட்டது அறிவியல் பட்டம். உயிரியல், புவியியல், வேதியியல் படிச்சவங்க கையில கேமராவைக் குடுத்து, மூணு வருஷத்துல ஆவணப்பட இயக்குநரா வெளிய அனுப்பறதுதான் திட்டம்.

நான் பெங்களூருல கோடு எழுதுற ஆளு. இந்த எபிசோடைப் பேசறது மல்லசமுத்திரத்துல, எங்க வீட்டு மாடியில இருந்து. சேலத்துல இருந்து திருச்செங்கோடு போற வழியில இருக்கிற ஊர். பின்னாடி ஒரே தாளத்துல ஏதாவது கேட்டா அது பக்கத்து வீட்டுத் தறி, உங்க ஹெட்போனுக்கு ஒண்ணும் ஆகல. மொன்டானாவுக்கும் மல்லசமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சம்பந்தம் குச்சிக்கிழங்குக் காட்டுல இருக்கு. அங்க வரேன், அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் சொல்லணும்.

எலி தற்கொலை பண்ணிக்குமா?

முதல் கேள்வி: சினிமாக்காரருக்கு அறிவியல் சொல்லிக் குடுக்கிறது சுலபமா, விஞ்ஞானிக்கு சினிமா சொல்லிக் குடுக்கிறது சுலபமா? இதுக்குப் பதில் சொல்ல ஒரு பழைய படத்தைப் பார்க்கணும். 1958-ல் டிஸ்னி 'ஒயிட் வில்டர்னஸ்'னு ஒரு ஆவணப்படம் எடுத்தாங்க. ஆஸ்கர் வாங்கின படம். அதுல லெம்மிங்னு சொல்ற, வடதுருவப் பக்கம் இருக்கிற சின்ன எலி மாதிரிப் பிராணிகள் கூட்டங்கூட்டமா ஓடிவந்து பாறை மேல இருந்து குதிச்சு, தண்ணியில விழுந்து சாகும். உலகமே நம்புச்சு. இன்னைக்கும் இங்கிலீஷ்ல கூட்டத்தோட கண்ணை மூடிட்டுப் போறவங்களை லெம்மிங்னுதான் சொல்றாங்க.

1982-ல் கனடா நாட்டு சிபிசி தொலைக்காட்சி விசாரிச்சப்ப கதை மாறிடுச்சு. அந்தக் காட்சி எடுத்தது கனடாவுல ஆல்பெர்ட்டா மாகாணத்துல. அங்க கடலே கிடையாது. லெம்மிங்குகளை வேற இடத்துல இருந்து கொண்டுவந்து, சுத்துற மேடையில ஓடவிட்டுக் கூட்டமாக் காட்டி, கடைசியில ஆத்துல தள்ளிவிட்டிருக்காங்க. கூட்டம் பெருத்தா லெம்மிங்குகள் இடம் மாறும், அப்ப சிலது தண்ணியில மூழ்கிச் சாகவும் செய்யும். தற்கொலை எல்லாம் பண்ணிக்காது. அந்தப் பிராணியோட ரெண்டு வருஷம் வேலை பார்த்த ஒரு ஆராய்ச்சி மாணவர் எடிட்டிங் அறையில உட்கார்ந்திருந்தா அந்தக் காட்சி வெளிய வந்திருக்காது. மொன்டானாக்காரங்க வாதம் இதுதான். எது நடந்தது, எது நடத்தி வச்சதுன்னு பிரிச்சுப் பார்க்கிற பழக்கம் வர ரொம்ப வருஷம் ஆகும். கேமரா பழக அவ்வளவு காலம் ஆகாது.

பேராசிரியர் வேலையை விட்டவர்

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. அதைச் சொன்னவரும் ஒரு விஞ்ஞானிதான். ராண்டி ஓல்சன், கடல் உயிரியலாளர். நியூ ஹாம்ப்ஷயர் யுனிவர்சிட்டியில யாரும் அசைக்க முடியாத நிரந்தரப் பேராசிரியர் பதவி. 1994-ல் அதை ராஜினாமா பண்ணிட்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் போய், சதர்ன் கலிபோர்னியா யுனிவர்சிட்டி சினிமா பள்ளியில முதல்ல இருந்து மாணவரா சேர்ந்தார். நம்ம வீட்டுல இப்படி ஒருத்தர் பண்ணா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. கெவர்மெண்ட் காலேஜ் வாத்தியார் வேலையை விட்டுட்டு கோடம்பாக்கம் போன மாதிரி.

அங்க நடிப்பு வகுப்புல அவரை வறுத்தெடுத்திருக்காங்க. காரணம், அவர் எல்லாத்தையும் மூளையில இருந்தே பேசறார். பிறகு 2006-ல் பரிணாமத்தைப் பத்தின சண்டையை வச்சு 'ஃப்ளாக் ஆஃப் டோடோஸ்'னு ஒரு படம் எடுத்தார். 2009-ல் விஞ்ஞானிகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தோட தலைப்பே 'இப்படி விஞ்ஞானி மாதிரி இருக்காதீங்க'ன்னு அர்த்தம் வர்றது. அவர் சொல்றதுல எனக்குப் பிடிச்சது இது: விஞ்ஞானிகளோட பயிற்சியே மறுக்கிறதுக்கான பயிற்சி. ஒருத்தர் ஏதாவது சொன்னா, 'அப்படி முழுசா சொல்லிட முடியாது'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஆய்வுக் கட்டுரைக்கு அது உயிர். ஆனா தியேட்டர்ல உட்கார்ந்திருக்கிறவர் பத்தாவது நிமிஷம் எழுந்து போயிடுவார்.

ஆக, இந்தப் படிப்புல ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு கேமரா, சத்தம், எடிட்டிங் கத்துக்கிறது. இன்னொண்ணு, தெரிஞ்ச நாப்பது விஷயத்துல முப்பத்தொன்பதைச் சொல்லாம விடக் கத்துக்கிறது. ரெண்டாவதுதான் கஷ்டம். கோடு எழுதுறவங்களுக்கு இது புரியும். புதுசாச் சேர்க்கிறதைவிட, வேலை செய்யற கோடை அழிக்கத்தான் கை நடுங்கும்.

நியூசிலாந்துல டனீடின்ல இருக்கிற ஒட்டாகோ யுனிவர்சிட்டியிலயும் இதே மாதிரி ஒரு வழி இருந்துச்சு. 2008-ல் அங்க அறிவியல் தொடர்புக்குன்னு ஒரு மையம் தொடங்கினாங்க. தலைமை லாய்ட் ஸ்பென்சர் டேவிஸ், பென்குயின் ஆராய்ச்சியாளர், ஆவணப்படமும் எடுத்தவர். மொன்டானாவுல மாணவர்கள் 'டெர்ரா'ன்னு ஒரு வீடியோ பாட்காஸ்ட்டே நடத்தினாங்க. ரெண்டு இடத்துலயும் மாணவர் கடைசியா ஒரு படத்தை முடிச்சுக் குடுத்தாக வேண்டியிருந்துச்சு. எல்லாரையும் போல ஆய்வேடு மட்டும் எழுதித் தப்பிச்சுட முடியல.

சென்னையில படிப்பே இல்லாம ஒருத்தர்

நம்ம ஊர்ல இப்படி யாருமே இல்லையான்னா, இருக்காங்க. சேகர் தத்தாத்ரி. 1976-ல், பதிமூணு வயசுல, சென்னைப் பாம்புப் பண்ணைக்குத் தன்னார்வலரா போன பையன். அங்க ரோமுலஸ் விட்டேகர்கிட்ட பாம்பைக் கத்துக்கிட்டார். பிறகு விலங்கியல் படிச்சார். 1980-களில் அங்க பாம்புக்கடி பத்தி ஒரு படம் எடுக்க வந்த குழுவோட சேர்ந்து வேலை பார்த்துத்தான் கேமரா பக்கம் வந்தார். அடுத்து கேரளாவுல அமைதிப் பள்ளத்தாக்கு பத்தின படம் அவருக்குத் தேசிய விருது வாங்கிக் குடுத்துச்சு. வெளிநாட்டு டிவி சேனல்களுக்கு நிறைய வேலை செஞ்சார்.

2000-க்குப் பிறகு அவர் திசையை மாத்தினார். டிவிக்கு அழகான படம் எடுத்தது போதும், ஒரு காடு காப்பாத்தப்படணும்னா யார் பார்க்கணுமோ அவங்க பார்க்கிற மாதிரி எடுக்கணும்னு முடிவு பண்ணார். 2001-ல் கர்நாடகாவுல குதிரேமுக் இரும்புச் சுரங்கத்தைப் பத்தி ஒரு குறும்படம். மழைக்காட்டு மலையைத் தோண்டினா மண் எப்படி பத்ரா ஆத்துல போய் இறங்குதுன்னு காட்டற படம். சுரங்கத்துக்கு எதிரா அப்ப வழக்கும் நடந்துட்டு இருந்துச்சு. 2002-ல் உச்ச நீதிமன்றம் சுரங்கத்தை 2005-க்குள் முடிக்கச் சொல்லித் தீர்ப்பு குடுத்துச்சு. படம் மட்டும்தான் காரணம்னு யாரும் சொல்ல முடியாது. வழக்குப் போட்டவங்க, ஆய்வாளர்கள், வக்கீல்கள் எல்லாரும் சேர்ந்த வேலை அது. ஆனா மண் கரையறதைக் காகிதத்துல படிக்கிறதும், ஆறு செங்காவியா ஓடறதைப் பார்க்கிறதும் ஒண்ணு இல்ல. 2004-ல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைச்சது.

அவருக்கு நடந்ததுல அதிர்ஷ்டம் நிறைய. பதிமூணு வயசுல பாம்புப் பண்ணை பக்கத்துல இருந்துச்சு, கத்துக்குடுக்க ஒரு விட்டேகர் இருந்தார், சரியான நேரத்துல ஒரு படக்குழு வந்துச்சு. மல்லசமுத்திரத்துல விலங்கியல் படிக்கிற பொண்ணுக்கு இந்த மூணும் ஒண்ணா அமையுமா? படிப்புன்னு ஒண்ணு எதுக்கு வேணும்னா, இந்த அதிர்ஷ்டத்தை வரிசைப்படுத்தி, பாடத்திட்டமா மாத்தி, எல்லாருக்கும் திறந்து வைக்கிறதுக்குத்தான்.

இப்ப குச்சிக்கிழங்குக் காடு

எங்க பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்குன்னு சொல்லுவாங்க. சேலம், நாமக்கல்லுல சேகோ மில்லுக்கு எல்லாம் இதுதான் உயிர். நீங்க பாயசத்துல போடற ஜவ்வரிசி இங்க இருந்து வர வாய்ப்பு அதிகம். 2020-ல் கேரளாவுல ஒரு புது மாவுப்பூச்சி இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. கொஞ்ச நாள்ல இங்கயும் பரவிடுச்சு. குருத்து சுருண்டு, கணு குட்டையாகி, செடியோட தலை மூடின கை மாதிரி ஆயிடும். விளைச்சல் 80 விழுக்காடு வரைகூடப் போகலாம். இந்தப் பூச்சியில ஆண் கிடையாது. எல்லாமே பெண், துணையே இல்லாம முட்டை வைக்கும். ஒண்ணு வந்தாப் போதும், ஒரு ஊரே வந்த மாதிரி.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, அந்த வருஷம் ஒன்றரை ஏக்கர் போட்டிருந்தார். மூணு தடவை மருந்து அடிச்சார். பூச்சி மேல மெழுகு மாதிரி வெள்ளைப் பூச்சு இருக்கும், சுருண்ட இலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், மருந்து சரியாப் போய்ச் சேராது. கிழங்கு வித்த காசு மருந்துக் கடைக் கணக்குக்கும் பத்தல. அந்த வருஷம் எங்க அக்கா கல்யாணத்துக்கு அவர் செய்யறேன்னு சொல்லியிருந்த சீரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவச்சார். யாரும் எதுவும் கேக்கல. அவர்தான் அந்த வருஷம் பூரா எங்க வீட்டுக்குச் சரியா வரல.

இதே சமயத்துல இன்னொரு பக்கம் ஒரு பிரமாதமான கதை ஓடிட்டு இருந்துச்சு. இந்தப் பூச்சி தென் அமெரிக்காவுல இருந்து 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்க கோடிக்கணக்கான பேரோட சாப்பாட்டுல கை வச்சது. ஹான்ஸ் ஹெரன்னு சுவிட்சர்லாந்துக்காரர், நைஜீரியாவுல ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்தார். பூச்சியோட சொந்த ஊர்ல அதுக்கு ஒரு எதிரி இருக்கணும்னு தேடினாங்க. 1981-ல் பராகுவேயில கிடைச்சது ஒரு குட்டிக் குளவி, அனாகைரஸ் லோபெசி. நீளம் ரெண்டு மில்லிமீட்டர் இருந்தா அதிகம். மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும், புழு உள்ள இருந்தே தின்னுட்டு வெளிய வரும். ஆப்பிரிக்காவுல விமானத்துல இருந்துகூட இந்தக் குளவிகளைத் தூவினாங்க. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைச்சது.

அதே குளவியை 2021-ல் பெங்களூருல இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து வரவழைச்சுது. இங்க வேற பூச்சிக்குக் கேடு பண்ணாதான்னு தனிமைப்படுத்திச் சோதிச்சாங்க. 2022 மார்ச்ல சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல வெளிய விட்டாங்க. பராகுவே, நைஜீரியா, பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர். ஒரு கண்ணுக்குத் தெரியாத குளவி இத்தனை ஊர் சுத்தி எங்க மாமா காட்டுப் பக்கம் வந்திருக்கு.

இதை நான் அவர்கிட்ட செல்போன்ல படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டார். கேட்டுட்டு, "ஏ மாப்ள, பூச்சியப் புடிக்க இன்னொரு பூச்சிய உடறாங்களாமா? மருந்தும் அடிக்கக் கூடாதாமா?"ன்னார். மருந்து அடிச்சா குளவியும் செத்துடும் மாமா, அதான்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ஒண்ணு சொன்னார்: "அதைக் கண்ணுல காட்டு, நம்பறேன்."

நியாயமான கேள்விங்க. ஒரு வருஷ வெள்ளாமையைப் பறிகொடுத்தவரை, மருந்து டின்னைக் கீழ வைங்கன்னு சொல்றோம். அவர் கையில இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். என்கிட்ட இருந்தது இங்கிலீஷ்ல பேர் எழுதின ரெண்டு ஆய்வக போட்டோ.

மூணு சொல்லு

ராண்டி ஓல்சன் விஞ்ஞானிகளுக்கு ஒரு எளிய சூத்திரம் குடுத்திருக்கார். எந்தக் கதையையும் மூணு இணைப்புச் சொல்லுல சொல்லிப் பாருங்கம்பார்: மேலும், ஆனால், அதனால். சும்மா 'மேலும், மேலும், மேலும்'னு போனா அது பட்டியல். ஆய்வுக் கட்டுரை பெரும்பாலும் அப்படித்தான் போகும். நம்ம கதையை இதுல வச்சுப் பார்க்கலாம். எங்க மாமா குச்சிக்கிழங்கு போட்டார், மேலும் அந்தக் காசை நம்பி ஒரு வாக்குக் குடுத்திருந்தார். ஆனால் ஒரு பூச்சி வந்துச்சு, மருந்துக்கும் அசையல. அதனால் அவர் நம்பவே முடியாத ஒண்ணைச் செய்யணும்: சும்மா இருக்கணும். குளவிக்கு வழி விடணும்.

படம் இங்க கிடைச்சிடுச்சு. இப்ப இதை யார் எடுக்கிறது? நல்ல கேமராமேன் ஒருத்தரை அனுப்பினா பச்சைக் காட்டையும், மாமாவோட முகத்துச் சுருக்கத்தையும் அழகா எடுத்துட்டு வருவார். குளவி எந்த இலையோட அடியில, எந்த நேரத்துல வரும்னு அவருக்குத் தெரியாது. செத்த மாவுப்பூச்சி ஊதி, பழுப்பாகி, முதுகுல வட்டமா ஒரு ஓட்டை விழுந்தா அதுதான் ஜெயிச்சதுக்கு அடையாளம். ஏத்தாப்பூர் மாதிரி இடத்துல வேலை பார்க்கிற ஒரு இளம் பூச்சியியலாளருக்கு அது தூக்கத்துலயும் தெரியும். அவங்க கையில மேக்ரோ லென்ஸும், அதை எப்ப ஆன் பண்ணணும்ங்கிற பயிற்சியும் இருந்தா, அந்த ஓட்டையில இருந்து குளவி தலை நீட்டற அஞ்சு நொடியை எடுப்பாங்க. எங்க மாமா கேட்டது அந்த அஞ்சு நொடியைத்தான்.

நம்மகிட்ட என்ன இருக்கு

சுத்தமா ஒண்ணும் இல்லாம இல்ல. 1984 ஆகஸ்ட் 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன்ல நாடு தழுவிய வகுப்பறைன்னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சுது. அதுக்கான படங்களை எடுக்கப் பல்கலைக்கழகங்கள்லயே ஸ்டுடியோ வச்சாங்க. நம்ம பக்கம் அண்ணா பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ரெண்டுலயும் இந்த மையங்கள் உண்டு. ஆனா அங்க வழக்கமான ஏற்பாடு, பேராசிரியர் கேமராவுக்கு முன்னாடி, தயாரிப்பாளர் பின்னாடி. பேராசிரியர் பின்னாடி வர்றதுதான் நான் பேசற விஷயம்.

அசாம்ல தேஸ்பூர்ல 'கிரீன் ஹப்'னு ஒரு பயிற்சி இருக்கு. ஆவணப்பட இயக்குநர் ரீட்டா பானர்ஜி தொடங்கினது. வடகிழக்கு மாநிலத்து இளைஞர்களை ஒரு வருஷம் வச்சு, அவங்க காட்டை அவங்களே படம் எடுக்கப் பழக்கறாங்க. டிகிரி பெருசில்ல, இடத்தைத் தெரிஞ்சிருக்கணும். மொன்டானாவோட யோசனைக்கு இந்தியாவுல நெருக்கமா வர்றது இதுன்னு எனக்குத் தோணுது. நம்மள மாதிரி இன்ஜினியர்களும் இந்த வழியில போயிருக்காங்க. 'வைல்ட் கர்நாடகா' எடுத்தவங்கள்ல ஒருத்தரான கல்யாண் வர்மா யாகூவுல வேலை பார்த்தவர். அந்தப் படத்துக்கு டேவிட் அட்டன்பரோ குரல் குடுத்தார்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல ஆண்டுதோறும் எத்தனையோ பேர் பூச்சியியல், மண்ணியல், பயிர் நோயியல்ல முதுகலை முடிக்கிறாங்க. அதுல பத்துப் பேருக்கு ரெண்டு வருஷப் படிப்பு ஒண்ணு, தமிழ்ல, படத்தோட முடியற மாதிரி இருந்தா எப்படி இருக்கும்? திருச்செங்கோடு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போர் போடுது. நிலத்தடி நீரைப் படிச்ச ஒருத்தர் அந்த வண்டியிலயே ஏறி ஒரு மாசம் போய்ட்டு வந்தா அது ஒரு படம். கொல்லிமலைத் திணையும் சாமையும் ஒரு படம். கதைக்குப் பஞ்சமே இல்ல.

ஒரு மெயில்

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். வீட்டுல பி.எட். இல்லன்னா பிஎச்.டி.ங்கிறாங்க. அவங்களுக்கு ஆவணப்படம். கேட்டிருந்த கேள்வி: "கேமரா பக்கம் போனா படிச்ச படிப்பு வீணாயிடுமா அண்ணா?"

வீணாகாதும்மா. அந்தப் படிப்புதான் உன் முதலீடு. ஆனா பணத்தை மறைச்சுப் பேச மாட்டேன். மொன்டானா நம்ம வீட்டு பட்ஜெட்டுக்கு எட்டாத தூரம், உதவித்தொகை கிடைச்சா ஒழிய. படம் எடுக்கிறவங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வராது. அப்பா அம்மா பயப்படறதுல தப்பே இல்ல. அதனால பி.எட்.டோ பிஎச்.டி.யோ சேர்ந்துக்கிட்டே ஒண்ணு பண்ணிப் பாரு. உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே ஒரு உயிரினத்தை எடுத்துக்கோ. மூணு மாசம், வாரத்துல ரெண்டு நாள், ஒரே இடத்துக்குப் போ. செல்போன் போதும், மேல மாட்டற மேக்ரோ லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோ. மைக்குக்குக் கொஞ்சம் கூடவே செலவு பண்ணு, படம் சுமாரா இருந்தாலும் ஜனங்க பார்ப்பாங்க, சத்தம் மோசமா இருந்தா மூடிட்டுப் போயிடுவாங்க. மூணு நிமிஷத்துல முடி. முடிச்சதை உன் கைடுகிட்ட காட்டறதுக்கு முன்னாடி, அந்தப் பூச்சியாலயோ பறவையாலயோ பொழைக்கிற ஒருத்தர்கிட்ட காட்டு. எந்த இடத்துல அவர் கண்ணை எடுக்கிறார்னு பார்த்து, அந்த இடத்தை வெட்டு.

அவங்க கேள்வி எதாவது கேட்டாங்கன்னா, உன் படம் வேலை செஞ்சிருச்சுன்னு அர்த்தம். எடுத்துட்டு எனக்கு லிங்க் அனுப்பு. இந்த எபிசோடு கேட்கிற வேளாண் மாணவர்கள், ஆராய்ச்சி நிலையத்துல இருக்கிறவங்க, உங்க போன்ல ஏற்கெனவே இப்படி ஏதாவது வீடியோ கிடந்தா நீங்களும் அனுப்புங்க. குளவி வீடியோ வந்தா முதல்ல எங்க மாமாவுக்குத்தான் காட்டுவேன். அடுத்த வாரம் பார்ப்போம்.